சிக் சாவர் பி365: சட்டைக்குள் மறையும், கையில் உதைக்கும்

அமெரிக்காவில் மறைத்து எடுத்துச்செல்லத் துப்பாக்கி வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது குழல் நீளத்தை. ஆனால் சட்டைக்கு மேல் துருத்திக் காட்டிக்கொடுப்பது கைப்பிடியின் அடிப்பாகம்தான். 2018-ல் சிக் சாவர் நிறுவனம் கொண்டுவந்த பி365 கைத்துப்பாக்கி அங்கேதான் ஜெயிக்கிறது: சுமார் ஓர் அங்குலத் தடிமன், 3.1 அங்குலக் குழல், ஆனாலும் மேகசினில் (கைப்பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியில்) பத்து 9 மி.மீ. தோட்டாக்கள்.

சிக்கல், தட்டை அடி மேகசினில் சுண்டுவிரலுக்கு இடமில்லை. உதைப்பும் சுளீரென்று இருக்கும். மணிக்கட்டு தளர்ந்தால் ஸ்லைடு, அதாவது சுடும்போது பின்னே நகரும் மேல்பாகம், முழுதாகப் பின்னே போகாமல் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு சிக்கும். சற்று நீளமான 12 தோட்டா மேகசின் போட்டால் பிடி சரியாகும், மறைவு கொஞ்சம் போகும். பெரிய கைக்காரர்கள் கைப்பிடி நீளமான கிளாக் 43எக்ஸ் துப்பாக்கிப் பக்கம் போகலாம்.

சேஃப்டி பொத்தான் இல்லாத மாடல் என்றால், விசையை முழுக்க மூடும் கெட்டியான கைடெக்ஸ் (கடின பிளாஸ்டிக்) உறை கட்டாயம். தொளதொளத் துணி உறை வேண்டவே வேண்டாம்.