எலைன் ஸ்ட்ரிட்ச்: ஒரு நாற்காலி, ஒரு வெள்ளைச் சட்டை

76 வயதில், 2001இல், நியூயார்க் பப்ளிக் தியேட்டரில் அமெரிக்க நடிகை, பாடகி எலைன் ஸ்ட்ரிட்ச் தொடங்கிய ‘அட் லிபர்ட்டி’ என்ற தனிநபர் மேடை நிகழ்ச்சிக்குக் கருப்பொருள் அவர் வாழ்க்கையேதான். தொளதொள வெள்ளைச் சட்டை, கறுப்பு டைட்ஸ், ஒரே நாற்காலி.

உச்சம் ‘ஸிப்’ பாட்டு. நியூயார்க்கில் இசைநாடக நட்சத்திரம் எத்தல் மெர்மனுக்கு மாற்று நடிகையாகத் தலைகாட்டிவிட்டு, அதே இரவு நியூ ஹேவன் நகரில் இன்னொரு நாடகத்துக்கு ஓடிய கதையைப் பாட்டு வரிகளுக்கு நடுவே துண்டு துண்டாகச் சொருகுகிறார். பேச்சு ஒரு நொடி இழுத்தாலும் இசைக்குழு தடுமாறும். தடுமாறவே இல்லை!

குடிப்பழக்கத்தைச் சொல்லும்போது அனுதாபம் கேட்பதில்லை, கெட்டிக்காரி. பிரபலங்களின் பெயர்கள்தான் கொஞ்சம் ஓவர். குரல் கரகர, சுருதி சுத்தம் தேடுவோர் வேறிடம் பார்க்கலாம். 2002இல் நிகழ்ச்சி நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வேக்குப் போய், நாடகத்துக்கான டோனி விருது வாங்கியது. தொலைக்காட்சிப் பதிவுக்காக 2004இல் அவருக்கு எம்மி விருதும் கிடைத்தது.