டாங்கிளா, உள்ளே மாட்டும் கார்டா? பழைய லேப்டாப்புக்கு ஏற்ற வைஃபை எது

பழைய லேப்டாப்பில் வைஃபை சரியாக எடுக்கவில்லை என்று கடைக்குப் போனால், கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவது யூஎஸ்பி டாங்கிளைத்தான். செருகினால் போதும், திருப்புளிக்கு வேலையில்லை என்பார். இன்னொரு வழி, லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் வைஃபை கார்டை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டுவது. இரண்டையும் ஒரே லேப்டாப்பில் செய்து பார்த்துவிட்டேன். கார்டை மாற்ற இடமிருக்கிற லேப்டாப் என்றால் தயங்காமல் கார்டையே மாற்றுங்கள். நான் மாட்டியது இன்டெல் ஏஎக்ஸ்210.

இந்தக் கேள்வி இப்போது பல வீடுகளில் எழுகிறது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களை விண்டோஸ் 11 பெரும்பாலும் ஏற்பதில்லை. அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்புகள் பல உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச லினக்ஸ் இயங்குதளங்களுக்கு மாறுகின்றன. என் அப்பாவின் லேப்டாப்பும் அப்படி மாறியதுதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரிந்த அதன் பழைய கார்டு, அடுக்குமாடிக் குடியிருப்பில் அக்கம்பக்கத்து ரவுட்டர்களின் நெரிசலில் திணறியது. சுவருக்கு அந்தப் பக்கம் ரவுட்டர் இருந்தும் வீடியோ அழைப்பு உறைந்து உறைந்து நின்றது.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு இணைப்பு 100 எம்பிபிஎஸ் என்றால், 5 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் எந்தக் கருவியும் போதும். டாங்கிள் பெட்டியின் மேல் உள்ள எண்ணை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். ‘ஏசி600’ என்றால் 5 கிகாஹெர்ட்ஸில் 433, 2.4 கிகாஹெர்ட்ஸில் 150 என்ற இரண்டையும் கூட்டி மேலே ஏற்றிச் சொல்வது. டாங்கிள் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இணையும். அந்த 433கூட ரவுட்டருக்கும் கருவிக்கும் இடையிலான கணக்கு. கோப்பு இறங்கும் வேகம் ஏறக்குறைய அதில் பாதிதான் தேறும். ஏஎக்ஸ்210 இரண்டு ஆன்டெனாவில் இயங்குவது. வைஃபை 6 ரவுட்டரோடு வழக்கமான 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 1,201 எம்பிபிஎஸ் வரை இணையும். கூடவே புளூடூத்தும் வந்துவிடுகிறது. விலையைப் பார்த்தால், மிகச் சிறிய டாங்கிள் மட்டுமே உண்மையில் மலிவு. இரண்டு அலைவரிசையிலும் இயங்கும் நல்ல டாங்கிளின் விலை கார்டின் விலையை நெருங்கிவிடுகிறது.

டாங்கிளில் பலர் கவனிக்காத ஒன்று, அதைச் செருகும் இடம். யூஎஸ்பி 3.0 தரவு ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் கிளம்புகிறது. இதை இன்டெல்லே 2012இல் ஓர் ஆய்வறிக்கையாக வெளியிட்டது. வெளிப்புற ஹார்டு டிஸ்க் ஒன்றைப் பக்கத்துத் துளையில் செருகியவுடன் டாங்கிளின் சிக்னல் தேய்ந்துபோவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். 5 கிகாஹெர்ட்ஸில் இணைந்தால் இந்தத் தொல்லை இல்லை. 2.4 மட்டும் உள்ள டாங்கிள் என்றால் ஒரு முழ நீள யூஎஸ்பி நீட்டிப்பு வயரில் மாட்டித் தள்ளி வைத்தாலே நல்ல மாற்றம் தெரியும்.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது வேகமும் இல்லை, இரைச்சலும் இல்லை, டிரைவர். கருவியை இயங்குதளத்தோடு பேசவைக்கும் மென்பொருள் அது.

விண்டோஸில் டாங்கிள் பெரிதாகத் தொல்லை தருவதில்லை. பல டாங்கிள்கள் செருகியவுடன் ஒரு சிறிய சிடி டிரைவைப் போல் தம்மைக் காட்டிக்கொள்ளும். அதற்குள்ளேயே விண்டோஸுக்கான டிரைவர் இருக்கும், நிறுவியதும் வைஃபை கருவியாக மாறிக்கொள்ளும். லினக்ஸில் இதே ஏற்பாடு சில சமயம் தடையாகிவிடுகிறது. டாங்கிள் சிடி வடிவத்திலேயே நின்றுவிட்டால், யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற நிரல்தான் அதை மாற்றிவிட வேண்டும்.

அதைத் தாண்டிய பிறகுதான் உண்மையான சிக்கல். லினக்ஸில் ஒரு வைஃபை சிப்பின் டிரைவர், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள் இருக்கலாம், வெளியிலும் இருக்கலாம். உள்ளே இருந்தால், கெர்னலின் உள்ளமைப்பு மாறும்போது அதை மாற்றுகிறவர்களே டிரைவரையும் சேர்த்துத் திருத்துவார்கள். வெளியில் இருந்தால், யாரோ ஒரு தன்னார்வலர் அதைப் புதுப்பிக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டும். மலிவு டாங்கிள்களில் பரவலாக இருக்கும் ரியல்டெக்கின் யூஎஸ்பி சிப்புகள் பலவற்றுக்கு நெடுங்காலம் இந்த இரண்டாவது நிலைதான். 2023 பிப்ரவரியில் வந்த 6.2 கெர்னலில்தான் 8821சியூ, 8822பியூ போன்ற சில சிப்புகளுக்கு உள்ளேயே இடம் கிடைத்தது. அதன் பிறகு நிலைமை மேம்பட்டுக்கொண்டுதான் வருகிறது.

வெளியில் இருக்கும் டிரைவரை நிறுவ டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு உண்டு. புதிய கெர்னல் வரும்போதெல்லாம் அது பின்னணியில் அதற்கேற்ப டிரைவரை மறுபடி உருவாக்கிப் பார்க்கும். வெற்றி பெற்றால் நமக்கு எதுவும் தெரியாது. தோற்றால், மறுநாள் காலை லேப்டாப்பைத் திறக்கும்போது வைஃபை பட்டியலே இருக்காது. பழுதை நீக்கத் திருத்திய டிரைவரை இறக்க வேண்டும், இறக்க இணையம் வேண்டும், இணையம்தான் போய்விட்டது. அங்கீகாரம் இல்லாத மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினி என்றால் இன்னொரு படியும் உண்டு. வெளி டிரைவருக்கு நாமே ஒரு டிஜிட்டல் சாவியைப் பதிவு செய்ய வேண்டும். கணினி மறுபடி தொடங்கும்போது ஒரு நீலத்திரை வந்து, பத்து நொடிக்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லும். அதைத் தவறவிட்டால் சாவி பதிவாகாது, டிரைவரும் ஏறாது.

இதையெல்லாம் நம் மேசையில் இருக்கும் கணினியில் பொறுத்துக்கொள்ளலாம். அப்பா இருப்பது தென்காசியில், நான் சென்னையில். வழக்கமான அப்டேட் ஒன்றுக்குப் பிறகு, அவர் லேப்டாப்பில் முதலில் மாட்டியிருந்த டாங்கிள் செத்துப்போனதும், நீலத்திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் தொலைபேசியில் எழுத்தெழுத்தாகப் படிக்க, அடுத்து எந்த விசை என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. “இதுக்கு என்னப்பா செய்யணும்?” என்று அவர் பொறுமையாகக் கேட்கக் கேட்க, எனக்குத்தான் மனம் தாங்கவில்லை. அன்று கைகொடுத்தது அவருடைய ஆண்ட்ராய்டு போன். சார்ஜ் செய்யும் வயரால் லேப்டாப்போடு இணைத்து யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால், போன் பிடித்திருக்கும் இணைப்பையே லேப்டாப்பும் எடுத்துக்கொள்ளும். எந்த வைஃபை பழுதானாலும் முதலுதவி இதுதான், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உபுண்டு 24.04 வந்தபோது அதில் இருந்தது 6.8 கெர்னல். நீண்டகால ஆதரவுப் பதிப்புதானே என்று நினைத்தாலும், வழக்கமான டெஸ்க்டாப் நிறுவலில் சில மாதங்களுக்கு ஒருமுறை புதிய வரிசைக் கெர்னல் வந்துகொண்டுதான் இருக்கும். ஒவ்வொரு முறையும் வெளி டிரைவருக்கு அது ஒரு பரீட்சை. ஏஎக்ஸ்210க்கு அந்தப் பரீட்சையே இல்லை. அதன் டிரைவரை இன்டெல் நிறுவனமே கெர்னலுக்குள் பராமரிக்கிறது. 2020 டிசம்பரில் வந்த 5.10 கெர்னல் முதல் ஆதரவு இருக்கிறது. கார்டுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் லினக்ஸ் வெளியீட்டோடு சேர்ந்தே வருகிறது. கார்டை மாட்டி மூடியதும் வைஃபை பட்டியல் தானாக வந்தது. எதையும் நிறுவவில்லை. அதன் பிறகு எத்தனையோ அப்டேட் போய்விட்டது, வைஃபை தொடர்பாக அப்பாவிடமிருந்து எனக்கு ஓர் அழைப்பும் வரவில்லை.

மாட்டும் வேலை பயப்படுகிற அளவுக்கு இல்லை, நிதானம்தான் வேண்டும். அடிமூடியின் திருகுகள் எல்லாம் ஒரே நீளம் இருக்காது. கழற்றிய வரிசையிலேயே ஒரு தாளில் ஒட்டி வைத்துவிடுங்கள். மூடி வந்ததும் முதல் வேலை, போர்டிலிருந்து பேட்டரி இணைப்பைப் பிரிப்பது. வைஃபை கார்டு எங்கே என்று தேட வேண்டாம். கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய வயர்கள் போய்ச் சேரும் சின்ன அட்டைதான் அது. அந்த வயர்கள் கீல் வழியாக மேலேறித் திரையின் ஓரத்தில் இருக்கும் ஆன்டெனாவுக்குப் போகின்றன. வயர் முனையை நகத்தாலோ பிளாஸ்டிக் இடுக்கியாலோ நேர் மேலாகத் தூக்கினால் கழன்றுவிடும். பக்கவாட்டில் இழுக்கக் கூடாது. கார்டைப் பிடித்திருக்கும் ஒற்றைத் திருகை எடுத்தால், அது ஒரு பக்கம் சாய்வாக எழும்பி நிற்கும், அப்படியே உருவிவிடலாம்.

புதிய கார்டை அதே சாய்வில் செருகி, அமுக்கி, திருகை முடுக்க வேண்டும். கடைசியாக வயர்கள். ஏஎக்ஸ்210இன் ஆன்டெனா முனை மிகப் பொடியது, பொட்டுக்குள் அடங்கிவிடும். வயர் முனையைச் சரியாக அதன் மேல் உட்காரவைத்துவிட்டு, விரல் நுனியால் நேராகக் கீழே அமுக்கினால் ‘டக்’ என்று ஒரு சிறு ஓசை கேட்கும். அந்த ஓசை கேட்காமல் அழுத்தத்தைக் கூட்டினால் வளையம் நசுங்கிவிடும். இந்த முனைகள் முப்பது தடவை அளவுக்குத்தான் கழற்றி மாட்டத் தாங்கும் என்று வடிவமைக்கப்பட்டவை. மாட்டிப் பார்ப்போம், கழற்றிப் பார்ப்போம் என்று விளையாட வேண்டாம். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் பிரிப்பதற்கு முன்பே இன்டெல் தளத்திலிருந்து வைஃபை, புளூடூத் டிரைவர் இரண்டையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 7க்கு இந்தக் கார்டின் டிரைவர் கிடையாது.

கார்டு வாங்கும்போது எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டும் தனித்து இயங்குபவை, எம்.2 என்ற வகை வைஃபை துளை உள்ள இன்டெல், ஏஎம்டி லேப்டாப் இரண்டிலும் வேலை செய்யும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 அப்படி இல்லை. அவற்றின் பாதி வேலையை இன்டெல் பிராசஸருக்குள்ளோ சிப்செட்டிலோ உள்ள பகுதிதான் செய்கிறது. பொருத்தமான இன்டெல் தலைமுறை இல்லையென்றால் துளையில் கச்சிதமாக உட்கார்ந்தும் உயிர் வராது. வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது என்பதால், ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் அட்டையின் மேல் உள்ள எழுத்தைப் படித்துவிட்டுக் காசு கொடுப்பது நல்லது. ஏஎம்டி லேப்டாப்பில் நான் நீண்ட நாள் வைத்துப் பார்த்ததில்லை. என் அனுபவம் இன்டெல் கணினியோடு நிற்கிறது.

டாங்கிளே கதி என்கிற லேப்டாப்புகளும் இருக்கின்றன. மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் வைஃபை சிப்பைப் போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள், கழற்றவே முடியாது. பழைய திங்க்பேட் மாடல்கள் சிலவற்றில், அங்கீகரித்த பட்டியலில் இல்லாத கார்டை மாட்டினால் கணினியைத் தொடங்கிவைக்கும் நிரலான பயாஸ் 1802 என்ற பிழையைக் காட்டி அங்கேயே நின்றுவிடும். வாரண்டி முடியாத லேப்டாப்பைப் பிரிக்கவும் நான் சொல்ல மாட்டேன். மலிவு மாடல்கள் சிலவற்றில் ஆன்டெனா வயர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஏஎக்ஸ்210 அதில் ஓடும், ஆனால் பாதித் திறனில். ஒட்டும் வகை ஆன்டெனா தனியாகக் கிடைக்கிறது. உலோகம் இல்லாத பகுதியில் ஒட்ட இடமிருந்தால் இரண்டாவது முனைக்கு அதை இணைக்கலாம். கீலில் வயரே அறுந்துபோயிருந்தால் எந்தக் கார்டை மாட்டினாலும் பலனில்லை, திரையைப் பிரித்து வயரை மாற்ற வேண்டும்.

டாங்கிள்தான் வாங்கப்போகிறீர்கள், லினக்ஸில்தான் ஓட்டப்போகிறீர்கள் என்றால், நிறுவனத்தின் பெயரை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் சிப்பை விசாரியுங்கள். ஒரே மாடல் எண்ணில் பதிப்புக்குப் பதிப்பு சிப் மாறும். டிபி-லிங்க்கின் டபிள்யூஎன்722என் முதல் பதிப்பில் ஏதரோஸ் சிப் இருந்தது, இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக். பெட்டியின் மூலையில் உள்ள சின்ன பதிப்பு எண்தான் வித்தியாசத்தைச் சொல்லும். மீடியாடெக் எம்டி7612யூ சிப்புக்கு 4.19 கெர்னல் முதலும், வைஃபை 6 தரும் எம்டி7921யூவுக்கு 5.18 முதலும் கெர்னலுக்குள்ளேயே டிரைவர் இருக்கிறது. இந்தச் சிப்புகள் கொண்ட டாங்கிள் உள்ளூர்க் கடைகளில் அரிதாகத்தான் கிடைக்கின்றன, விலையும் கூடுதல். அப்படியும் தேடிப் பிடித்து வாங்குவது வீண்போகாது.