கேபிள்காரர் ஃபைபர்: லைன் நல்லது, பெட்டிதான் சரியில்லை

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்குக் கேபிள் டிவி கொடுக்கிறவரே இப்போது ஃபைபர் நெட்டும் கொடுக்கிறார், அதில் 100 எம்பிபிஎஸ் பிளான் ஓடிக்கொண்டிருக்கிறது. லைனில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கூடவே ஓசியில் தரும் வைஃபை பெட்டி இருக்கிறதே, அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அதற்கு முன்னால் வேகக் கணக்கு. 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 100 மெகாபிட், மெகாபைட் கிடையாது. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட், ஆகவே டவுன்லோடு போடும்போது நொடிக்கு 12 எம்பி சொச்சம் காட்டினால் சொன்ன வேகம் வந்துவிட்டது என்று அர்த்தம். "நூறுன்னு சொல்லிட்டு பன்னெண்டுதான் தாராரு" என்று அவரிடம் மல்லுக்கு நிற்கிறவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு, பாவம் அந்த மனுஷன்.

லேப்டாப்பில் லேன் வயரைச் சொருகிப் பார்த்தால் 94, 95 என்று அசையாமல் நிற்கிறது. அதே லேப்டாப், அதே மேஜை, வயரைப் பிடுங்கிவிட்டு வைஃபையில் பார்த்தால் 35க்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. லைன் பார்க்க வந்த தம்பி ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "அண்ணாச்சி, வயர்ல வேகம் வருது பாத்தியளா, நடுவுல வைஃபைதான் திங்குது." அவர் சொன்னது சரிதான். இந்தப் பெட்டியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே வைஃபை அலைவரிசை மட்டும்தான். அது சுவரைத் தாண்டிப் போகும், ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல், அதாவது பாதை, என்று பார்த்தால் 1, 6, 11 மூன்றே மூன்று, தெரு முழுக்க எல்லார் வீட்டுப் பெட்டியும் அதிலேயே முண்டுவதால் சாயங்காலமானால் வண்ணார்பேட்டை ரவுண்டானா மாதிரி ஆகிவிடுகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் இடமும் அதிகம், வேகமும் அதிகம், ஆனால் எங்கள் வீடு போன்ற பழைய வீட்டின் கனத்த சுவரை அது லேசில் தாண்டாது, ஆகவே இரண்டும் உள்ள டூயல் பேண்ட் பெட்டிதான் வேண்டும். கூடுதல் பணம் கேட்பார்கள், கொடுக்கலாம். 100க்கு மேல் பிளான் எடுப்பவர்கள் பெட்டியின் பின்பக்கம் லேன் ஓட்டையையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்: ஜிஇ (GE) என்று போட்டிருந்தால் 1000 எம்பிபிஎஸ் வரை போகும், எஃப்இ (FE) என்றால் 100தான், 300 பிளான் எடுத்து அதில் சொருகினால் காசு தண்டம்.

சர்வீஸ் பரவாயில்லை, போன் எடுக்கிறார்கள். பெட்டியில் எல்ஓஎஸ் (LOS) என்று எழுதிய விளக்கு சிவப்பாக மின்னினால் பெட்டிக்கு ஒளியே வந்து சேரவில்லை, ஃபைபர் எங்கேயோ மடங்கியிருக்கும் அல்லது அறுந்திருக்கும், நாம் பெட்டியை அணைத்து அணைத்துப் போடுவதில் பயனில்லை. போனில் இதை மட்டும் சொன்னால் போதும், கேள்வி கேட்காமல் ஆள் அனுப்புகிறார்கள். விளக்கெல்லாம் சரி, சில ஆப் ஓடுகிறது, பிரவுசரில் மட்டும் எதுவும் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் டிஎன்எஸ் கோளாறு, அதாவது தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் ஐபி எண்ணைத் தேடித் தரும் சர்வர் படுத்துவிட்டது. இவர்களுடையது அடிக்கடி படுக்கும். செட்டிங்ஸில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்ற வேறு சர்வரைப் போட்டுக்கொண்டால் அந்தத் தொல்லை விட்டது.

அப்புறம் சிசிடிவி வைத்திருப்பவர்களுக்கு. நெட்டில் ஒவ்வொரு இணைப்பையும் அடையாளம் காட்டும் ஐபி எண்ணில் பழைய வகையான ஐபிவி4 முகவரி உலகத்துக்கே மொத்தம் 430 கோடிக்குள்தான், அதனால் இவர்கள் ஒரே முகவரியைப் பல வீட்டுக்குப் பங்கு போட்டுத் தருகிறார்கள், சிஜிநாட் என்பது இதைத்தான். ரவுட்டரில், அதாவது வைஃபை பெட்டியின் செட்டிங்ஸில், வான் ஐபி (WAN IP, கேபிள்காரர் உங்கள் பெட்டிக்குத் தரும் முகவரி) 100.64 முதல் 100.127க்குள் ஆரம்பித்தால் நீங்களும் அந்தப் பங்கில் இருக்கிறீர்கள், ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்து வெளியூரிலிருந்து கேமரா பார்க்கும் பழைய வழி நடக்காது. கேமரா கம்பெனி ஆப் வழியாகப் பார்க்கலாம், இல்லையென்றால் உங்களுக்கென்றே மாறாமல் இருக்கும் ஸ்டாட்டிக் ஐபி கேட்டு வாங்க வேண்டும், அதற்கு மாதாமாதம் தனிக் காசு. கனெக்‌ஷன் கொடுக்கும்போது இதை அவர்களாக வாய் திறந்து சொல்வதில்லை, நீங்களே கேளுங்கள்.