கார்க் ஹர்லிங் சீசன் டிக்கெட்: சில ஆண்டுகள் பயன்படுத்திய பின் ஒரு மதிப்பீடு

அயர்லாந்தின் பாரம்பரிய ஆட்டங்களை நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கம் விற்கும் சீசன் டிக்கெட்டை, கார்க் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) ஹர்லிங் அணிக்காகச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து வாங்கி வருகிறேன். மட்டையால் பந்தை அடித்து ஆடும் ஐரிஷ் ஆட்டமே ஹர்லிங். புதுப்பிக்கும் காலம் நெருங்கும்போதெல்லாம், இந்தப் பணம் தகுமா என்ற கேள்வி இங்குள்ள நண்பர்களிடமிருந்து வருகிறது. அவர்களில் பலர் வேலைக்காகக் கார்க் நகரத்துக்கு வந்து, பிள்ளைகள் பள்ளியிலிருந்து ஹர்லி மட்டையும் கையுமாக வீடு திரும்பத் தொடங்கிய பிறகு இந்த ஆட்டத்துக்குள் இழுக்கப்பட்டவர்கள். என் அளவில் பதில் 'தகும்' என்பதே. ஆனால் விற்பனை விளம்பரம் முன்வைக்கும் பண மிச்சத்துக்காக அன்று. வேறொரு கவுண்டியின் ரசிகருக்கோ, வேறு விதமான வேலை நேரம் உள்ளவருக்கோ இதே பதிலை நான் சொல்லமாட்டேன்.

முதலில் இந்த டிக்கெட் எதைத் தருகிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். உங்கள் கவுண்டி குளிர்காலத் தேசிய லீக்கில் ஆடும் ஆட்டங்களுக்கும், ஏப்ரலில் தொடங்கிக் கோடையில் ஆல்-அயர்லாந்து இறுதிப் போட்டியோடு முடியும் முதன்மைப் போட்டியான சாம்பியன்ஷிப்பின் முதல் ஆட்டத்துக்கும் நுழைவு இதிலேயே அடங்கும். அதன் பின் வரும் சாம்பியன்ஷிப் ஆட்டங்களுக்கு டிக்கெட் இலவசமாகக் கிடைப்பதில்லை. அவற்றை விலை கொடுத்து வாங்கும் உரிமை மட்டும் முன்கூட்டியே உங்களுக்கு ஒதுக்கப்படுகிறது. ஹர்லிங்குக்கும் கேலிக் கால்பந்துக்கும் தனித்தனி டிக்கெட்டுகள் உண்டு, இரண்டையும் சேர்த்து வாங்கவும் வழி உண்டு. நிபந்தனைகளில் ஆண்டுக்கு ஆண்டு சிறு மாற்றங்கள் செய்யப்படுவதால், சென்ற ஆண்டின் நினைவை நம்பிப் பணம் கட்டாமல் அந்த ஆண்டின் விதிகளை ஒருமுறை முழுமையாகப் படித்துவிடுவது நல்லது.

கணக்கைப் பார்ப்போம். 2019இல் லீக்கின் மேல் பிரிவுகளுக்கான நுழைவுக் கட்டணம் 15 யூரோவிலிருந்து 20 யூரோவாக உயர்த்தப்பட்டது. 2025இல் ஹர்லிங் லீக்கின் உச்சப் பிரிவான 1Aஇல் ஏழு அணிகள் இருந்தன. ஆகவே கார்க்குக்கு ஆறு லீக் ஆட்டங்கள், அவற்றில் பாதி வெளியூர்களில். ஆறுக்கும் போய், சாம்பியன்ஷிப்பின் முதல் ஆட்டத்தையும் சேர்த்துக்கொண்டால், தனித்தனியே வாங்குவதைவிட சீசன் டிக்கெட்டில் எனக்குப் பணம் மிச்சமானது. ஆனால் வெளியூர் ஆட்டங்களைத் தவிர்த்து, உள்ளூரில் நடப்பவற்றுக்கு மட்டும் போகிறவர் இந்தக் கணக்கில் கட்டாயம் நஷ்டப்படுவார். வெக்ஸ்ஃபோர்டுக்கோ கில்கென்னிக்கோ பிப்ரவரி மழையில் கார் ஓட்டிப் போய்வர ஆகும் எரிபொருளையும் சாப்பாட்டையும் சேர்த்தால், டிக்கெட்டில் மிஞ்சிய தொகை முதல் பயணத்திலேயே கரைந்துவிடும். எனவே இதைத் தள்ளுபடித் திட்டமாக நினைத்து வாங்குவதில் அதிகப் பொருளில்லை. மேலும் தவறவிட்ட ஆட்டத்துக்குப் பணம் திரும்ப வருவதில்லை.

இங்கிலாந்துக் கால்பந்து கிளப்களின் சீசன் டிக்கெட்டை மனத்தில் வைத்துக்கொண்டு வருபவர்களுக்கு இன்னொரு ஏமாற்றமும் காத்திருக்கிறது. ஆண்டு முழுவதும் இது என் இருக்கை என்று சொல்லிக்கொள்ளும்படியான நிலையான இடம் இதில் கிடையாது. லீக் ஆட்டங்களில் பெரும்பாலும் முன்னால் வந்தவருக்கு முன்னால் இடம் என்பதுதான் வழக்கம். எங்கள் பார்க் ஈ கீவ் மைதானம் 2017இல் புதுப்பிக்கப்பட்டு ஏறத்தாழ 45,000 பேரைக் கொள்ளும் அளவுக்கு இருப்பதால், குளிர்கால லீக் ஆட்டத்தில் கூரைக்கு அடியில் நல்ல இடம் பிடிப்பது கடினமன்று. சாம்பியன்ஷிப் தொடங்கிய பிறகு நிலைமை தலைகீழாகிறது. அப்போது ஸ்டாண்டா, நின்று பார்க்கும் டெரஸா, எந்தப் பகுதி, எந்த வரிசை என்பவை ஒதுக்கீட்டைப் பொறுத்தவை. சேர்ந்து உட்கார விரும்பும் குடும்பத்தினர் தொடக்கத்திலேயே சேர்ந்து பதிவு செய்துகொள்வது நல்லது. சீசன் டிக்கெட் இல்லாத நண்பரைக் கோடையில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வது நடவாத காரியம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த டிக்கெட்டின் உண்மையான மதிப்பு கோடையில்தான் தெரிகிறது. கார்க்குக்குச் சாம்பியன்ஷிப்பின் முதல் கட்டமான மன்ஸ்டர் மாகாணச் சாம்பியன்ஷிப், 2018 முதல் ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் ஆடும் ரவுண்ட் ராபின் முறைக்கு மாறியது. கோவிட் காலத்து இரண்டு ஆண்டுகளில் மட்டும் அது கைவிடப்பட்டிருந்தது. கார்க், லிமெரிக், கிளேர், டிப்பரேரி, வாட்டர்ஃபோர்ட் ஆகிய ஐந்து அணிகளில் மூன்று மட்டுமே அடுத்த கட்டத்துக்குப் போகும் என்பதால், ஏறக்குறைய ஒவ்வோர் ஆட்டமும் ஒரு நாக் அவுட் போலவே ஆகிவிடுகிறது. 2024 மே மாதத்தில் லிமெரிக்குக்கு எதிராக, கார்க் ஆட்டக்காரர் பேட்ரிக் ஹோர்கன் இறுதி நேரத்தில் பெனால்டியை கோலாக்கி அணியை மீட்ட அந்த இரவில், பார்க் ஈ கீவில் 41,000க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். அதற்குப் பிறகு கார்க் ஆட்டத்துக்கு டிக்கெட் தேடுவது இந்நகரத்தில் தனியொரு வேலையாகிவிட்டது. அலுவலகத்தில் ஹர்லிங்கைப் பற்றி ஒருபோதும் பேசாதவர்கள்கூட யாரிடமாவது கூடுதலாக ஒரு டிக்கெட் இருக்கிறதா என்று விசாரிக்கத் தொடங்கினார்கள்.

2025 இதற்கு இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. அந்த ஆண்டு கார்க் 1998க்குப் பிறகு முதன்முறையாக லீக் பட்டத்தை வென்றது. எதிர்பார்ப்பு உச்சத்துக்குப் போனது. சாம்பியன்ஷிப்பின் முதல் ஆட்டமோ ஈஸ்டர் ஞாயிறன்று, முந்தைய ஆண்டு ஆல்-அயர்லாந்து இறுதியில் கார்க்கை ஒரே ஒரு புள்ளியில் தோற்கடித்த கிளேருக்கு எதிராக, எனிஸ் நகரின் க்யூசாக் பார்க்கில். அது பார்க் ஈ கீவின் பாதி அளவே உள்ள மைதானம். அதற்கான நுழைவு எங்கள் சீசன் டிக்கெட்டிலேயே அடங்கியிருந்தது. பொது விற்பனை தொடங்கும் நொடிக்காகக் கணினித் திரையின் முன் காத்திருந்து வெறுங்கையோடு எழுந்தவர்களைப் பார்த்தபோது, நான் பணம் கட்டியது எதற்கு என்பதில் எனக்கு ஐயம் எஞ்சவில்லை. ஆட்டம் சமநிலையில் முடிந்தது. பிறகு மே மாதத்தில் லிமெரிக்கிடம் 16 புள்ளி வித்தியாசத்தில் நொறுங்கியதும், அதே லிமெரிக்கை அதே மைதானத்தில் மன்ஸ்டர் இறுதியில் பெனால்டிகளில் வென்றதும், ஜூலையில் டிப்பரேரிக்கு எதிரான ஆல்-அயர்லாந்து இறுதியில் இடைவேளைக்கு ஆறு புள்ளி முன்னிலையோடு போன அணி அதன் பின் இரண்டே புள்ளிகள் எடுத்துத் தோற்றதும் கார்க்காரர்கள் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லாத செய்திகள்.

இறுதிப் போட்டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலானோர் இந்த டிக்கெட்டை வாங்குவதே அதற்காகத்தான். இறுதி நடக்கும் டப்ளின் நகரின் க்ரோக் பார்க் மைதானம் 82,300 பேரைக் கொள்ளும். ஆனாலும் ஆல்-அயர்லாந்து இறுதிக்கான டிக்கெட்டுகள் பொது விற்பனைக்கு வருவதில்லை; கவுண்டி வாரியங்கள் வழியாக உள்ளூர்க் கிளப்களுக்குப் பகிரப்படுகின்றன. கார்க்கில் மட்டும் 250க்கும் மேற்பட்ட கிளப்கள் உள்ளன. ஒவ்வொரு கிளப்பிலும் ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள், புல் வெட்டுபவர்கள், தேநீர் போடுபவர்கள் என்று பல்லாண்டு உழைத்தவர்களின் நீண்ட வரிசை இருக்கும். கவுண்டி ஆட்டக்காரர்கள்கூட ஊதியம் பெறாத அமெச்சூர்களாக இருக்கும் ஓர் அமைப்பில், அந்த வரிசைக்கு முதலிடம் தருவது நியாயம் என்றே நினைக்கிறேன். அப்படிப்பட்ட கிளப்போடு பிறப்பாலோ வளர்ப்பாலோ தொடர்பில்லாத என்னைப் போன்ற ஒருவருக்கு, அணி இறுதிக்குப் போனால் முறையான வழியில் டிக்கெட் பெறுவதற்குச் சீசன் டிக்கெட்டைவிட நம்பகமான பாதை வேறில்லை. அதன் பின்னும் ஸ்டாண்டில் ஓர் இடத்துக்குத் தனியாகப் பணம் (2025இல் 100 யூரோ) கொடுக்க வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்தப் பாதையின் வாசலில் ஒரு நிபந்தனை நிற்கிறது. இறுதிப் போட்டிக்கான தகுதி பெற, அதுவரை நடந்த ஆட்டங்களில் குறைந்தது 60 சதவீதத்துக்காவது நேரில் வந்திருக்க வேண்டும் என்பதுதான் நான் பழகிய விதி. வாசலில் டிக்கெட்டை ஸ்கேன் செய்யும்போது வருகை பதிவாகிறது. கோடையில் மட்டும் வந்து சேரும் கூட்டத்தை வடிகட்டுவதற்கு இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஜனவரி இறுதியில், கடலிலிருந்து வீசும் குளிர்காற்றில், இரு அணிகளும் புதிய ஆட்டக்காரர்களைச் சோதித்துப் பார்க்கும் ஒரு சனிக்கிழமை இரவு ஆட்டத்துக்குப் போவதை இது விருப்பத்திலிருந்து கடமையாக மாற்றிவிடுகிறது. மருத்துவமனைகளில் வார இறுதிப் பணி செய்யும் நண்பர்களுக்கு இந்த விதிதான் பெரிய தடை. ஆட்ட அட்டவணை வெளியாகும் நேரமும் அவர்களுடைய பணி அட்டவணை முடிவாகும் நேரமும் ஒத்துப்போவதில்லை. அவர்களில் ஒருவர் ஓராண்டு வாங்கிவிட்டு, மார்ச் மாதத்திலேயே தகுதிக்கான வாய்ப்பை இழந்துவிட்டதை உணர்ந்து அடுத்த ஆண்டு கைவிட்டார். அவர் முடிவில் எனக்குக் குறையேதும் தெரியவில்லை.

எனக்கு எரிச்சலூட்டியது பதிவு முறையின் தளர்ச்சிதான். ஒருமுறை ஒரு வெளியூர் மைதானத்தில் ஸ்கேன் கருவி வேலை செய்யாததால், பணியாளர்கள் எங்கள் டிக்கெட்டைக் கண்ணால் பார்த்துவிட்டு உள்ளே அனுப்பினார்கள். மழையில் வரிசை நீண்டுகொண்டிருந்த நேரத்தில் அது மனிதாபிமானமான முடிவு. ஆனால் என் கணக்கில் அந்த வருகை ஏறவில்லை. மின்னஞ்சல் வழியாக விளக்கி, பதில் வராமல் மீண்டும் விளக்கி, அதைச் சரிசெய்ய வாரங்கள் ஆயின. அன்றிலிருந்து வெளியூர் மைதானத்துக்குள் நுழைந்ததும் ஸ்கோர் பலகை தெரியும்படி ஒரு புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன். சாம்பியன்ஷிப் ஆட்டங்களுக்கு வாங்கும் உரிமையைப் பயன்படுத்தவும் குறுகிய காலக்கெடுதான் தரப்படுகிறது. ஞாயிறன்று வென்ற அணி அடுத்து யாருடன், எங்கே ஆடும் என்பது முடிவாகி, விற்பனை அறிவிப்பு வந்து, கெடு முடிவதெல்லாம் சில நாட்களுக்குள் நடந்துவிடும். அந்த வாரத்தில் விடுமுறைக்கு இந்தியா சென்றிருந்தால் மின்னஞ்சலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கோவிட்டுக்குப் பிறகு எல்லாம் இணையத்துக்கும் கைபேசிக்கும் மாறிவிட்டதால், எங்கள் தெருவில் உள்ள முதியவர்கள் சிலருக்குப் பேரப்பிள்ளைகளின் உதவியின்றி மைதானத்துக்குள் போகவே முடிவதில்லை. வாசலில் பணம் கொடுத்துத் திருகுகதவைத் தள்ளிப் பழகியவர்களுக்கு இது நியாயமாகப் படவில்லை, எனக்கும்தான்.

பிள்ளைகளுக்காகவும் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 16 வயதுக்குட்பட்டோருக்கு லீக் ஆட்டங்களில் நுழைவு இலவசம். ஆகவே குளிர்காலத்தில் அவர்களுக்கு எதுவும் தேவையில்லை. கோடையில் நெருக்கடியான ஆட்டங்களுக்கும் உடன் அழைத்துப் போக விரும்பினால் மட்டும் யோசிக்கலாம்.

இனி மற்ற கவுண்டிகள். நான் மேலே சொன்ன மதிப்பு முழுவதும் டிக்கெட் தட்டுப்பாட்டிலிருந்து பிறப்பது. தட்டுப்பாடு இல்லாத இடத்தில் அந்த மதிப்பும் இல்லை. கேலிக் கால்பந்து லீக்கின் கடைசிப் பிரிவான நான்காம் பிரிவில் ஆடி, கோடையில் 2022இல் தொடங்கப்பட்ட இரண்டாம் நிலைப் போட்டியான டெய்ல்ட்யன் கோப்பைக்குப் போகும் ஒரு சிறு கவுண்டியின் ரசிகருக்கு, எந்த ஆட்டத்துக்கும் முந்தைய நாள்கூட டிக்கெட் கிடைக்கும். அவருக்கு இது லீக் ஆட்டங்களின் எண்ணிக்கையை மட்டும் பொறுத்த எளிய கூட்டல் கழித்தல். கால்பந்து லீக்கில் பிரிவுக்கு எட்டு அணிகள், ஆகவே ஏழு ஆட்டங்கள் என்பதால், எல்லாவற்றுக்கும் போகிறவருக்கு அந்தக் கணக்கு நேராகவே வரும். அதே கால்பந்தில் மேயோ போன்ற கவுண்டியின் நிலை வேறு. 1951க்குப் பிறகு ஆல்-அயர்லாந்துப் பட்டம் வெல்லாமல், 2012 முதல் 2021 வரை மட்டுமே ஆறு இறுதிப் போட்டிகளில் தோற்ற அணியின் ரசிகர்கள், இறுதி டிக்கெட்டின் அருமையை வேறு எவரைவிடவும் நன்கு அறிவார்கள். 2018இல் கில்டேருக்கு எதிரான அவர்களுடைய ஆட்டத்தைச் சங்கம் முதலில் க்ரோக் பார்க்குக்கு மாற்றியதும், கில்டேர் மறுத்து நின்றதால் எண்ணாயிரத்தைச் சற்றுத் தாண்டிய கொள்ளளவே உள்ள தங்கள் சொந்த நியூபிரிட்ஜ் மைதானத்திலேயே அது நடந்ததும் நினைவிருக்கலாம். அதுபோன்ற ஒரு சனிக்கிழமையில் வரிசையில் முன்னால் இருப்பதற்கு என்ன விலை என்று அவர்களைக் கேட்க வேண்டும்.

சீசன் என்ற சொல்லை நம்பி நீண்ட காலத்தை எதிர்பார்க்கவும் வேண்டாம். 2022 முதல் கவுண்டி ஆட்டங்கள் ஆண்டின் முதல் ஏழு மாதங்களுக்குள் அடக்கப்பட்டு, இறுதிப் போட்டிகள் ஜூலையிலேயே முடிந்துவிடுகின்றன. அதன் பிறகு நடப்பவை கிளப் ஆட்டங்கள். நாள் கணக்கில் நேரம் அதிகமில்லாத, ஆனால் ஆட்டத்தின் மீது உண்மையான ஆர்வமுள்ள குடும்பங்களுக்கு நான் பரிந்துரைப்பது பக்கத்துக் கிளப்பில் உறுப்பினராகச் சேர்வதைத்தான். செலவு குறைவு, பிள்ளைகள் ஆடுவார்கள், ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அண்டை அயலாரோடு பழக்கம் உண்டாகும், பெரிய ஆட்டங்களின்போது கிளப்புக்கு வரும் டிக்கெட்டுகளுக்கான குலுக்கலில் பெயரும் இருக்கும்.

நான் அடுத்த ஆண்டுக்கும் ஹர்லிங் டிக்கெட்டைப் புதுப்பிக்கிறேன். கால்பந்தையும் சேர்த்து வாங்கும் எண்ணம் இல்லை. கார்க் கால்பந்து அணி ஆடும் நாளில் விருப்பம் வந்தால் அன்று காலையிலேயே இணையத்தில் வாங்கிக்கொள்ள முடிகிறது. கூட்டம் அங்கும் பெருகினால் இந்த முடிவை மாற்றிக்கொள்வேன்.