வாசலில் நான்கு படி: மடக்குப் பலகையா, சாய்தளமா, லிஃப்டா?

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து இரண்டு வருடம் ஆகிறது. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபோது உள்ளே நடக்க வாக்கர், வெளியே போகச் சக்கர நாற்காலி என்று ஆனது. எங்கள் வீடு கிருஷ்ணகிரியில், ஊர் முடியும் பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் தெரு மேலே வரும், மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும் என்று அப்பா பேஸ்மட்டத்தைத் தூக்கிக் கட்டினார். அதனால் வாசலில் ஆறு ஆறு அங்குலத்தில் நான்கு படி. மொத்தம் 2 அடி. அந்த 2 அடியை என்ன செய்வது என்பதுதான் எங்கள் கேள்வி.

மூன்று வழிகளைப் பார்த்தோம்: அலுமினிய மடக்குப் பலகை, கான்கிரீட் சாய்தளம், நாற்காலியோடு ஆளை அப்படியே தூக்கும் மேடை லிஃப்ட். முதலாவதை ஐந்து மாதம் பயன்படுத்தினோம். இரண்டாவதைக் கட்டி ஒன்றரை வருடம் ஆகிறது. சாய்தளத்தின் பக்கம்தான் நான் நிற்கிறேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மடக்குப் பலகையை அவசரத்துக்கு வாங்கினோம். 8 அடி நீளம். படிமேல் விரித்துப் போட்டு, நாற்காலியைத் தள்ளி ஏற்றி, மறுபடி மடித்துச் சுவரோரம் சாய்த்து வைக்க வேண்டும். ஒரே ஒரு படி இருக்கும் வீட்டுக்கு இது அருமையான பொருள். ஆறு அங்குலப் படிக்கு 6 அடிப் பலகை போட்டால் சரிவு சரியாக இருக்கும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும், காரில் எடுத்துப்போய் உறவினர் வீட்டு வாசலில் போட நினைப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். எங்கள் நான்கு படிக்கு அது போதவில்லை. ஏற்ற இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். ஏப்ரல், மே வெயிலில் உலோகம் கை வைக்க முடியாமல் சுட்டது.

ஆனால் அதைக் கைவிட்டதற்குக் காரணம் வெயிலும் இல்லை, பாரமும் இல்லை. ஆரம்பத்தில் அம்மா காலையும் மாலையும், "கண்ணு, அந்தப் பலகையைக் கொஞ்சம் போடறியா?" என்று கேட்பார். மூன்றாவது மாதம் மாலையில் மட்டும் கேட்டார். ஐந்தாவது மாதம் கேட்பதையே நிறுத்திவிட்டார். ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "வெளியே போகலாமா?" என்று நான் கேட்டால், "உனக்கு வேலை இருக்கும், விடு" என்பார். நாற்பது வருடம் விடிகாலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டவர் அவர். ஒவ்வொரு தடவையும் ஒரு ஆளைக் கூப்பிட்டுத்தான் வாசலுக்குப் போக வேண்டும் என்றால், போகாமலே இருந்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதை அளந்தாலும் இந்த ஒன்றை வைத்துத்தான்: அம்மா யாரையும் கேட்காமல் வெளியே போய்த் திரும்ப முடியுமா?

அதற்கு நிரந்தரச் சாய்தளம் வேண்டும் என்று மேஸ்திரியை அழைத்தோம். அவர் கயிறு பிடித்துப் பார்த்து, "8 அடி போதும் சார், வண்டியே ஏறிடும்" என்றார். இங்கே பெரும்பாலான வீடுகளில் இருப்பது அந்தச் சரிவுதான். மோட்டார் பொருத்திய வண்டி ஏறும். கையால் உருட்டும் நாற்காலி ஏறாது.

கணக்கு எளிது. அம்மா 60 கிலோ, நாற்காலி 18 கிலோ, மொத்தம் 78. 8 அடியில் 2 அடி ஏறினால் 1-க்கு 4 சரிவு. எடையில் ஏறக்குறைய கால்பங்கு, அதாவது 19 கிலோ, பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். அதே 2 அடியை 24 அடி நீளத்தில் ஏறினால் 1-க்கு 12. அப்போது இழுப்பு ஆறரை கிலோதான். எழுபது வயதுக்காரர் கம்பியைப் பிடித்து, நின்று நின்று, தானே ஏறக்கூடிய பாரம் அது. இறங்கும்போது இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். செங்குத்தான சரிவில் கை நழுவினால் நாற்காலி நேராகப் போய்க் கேட்டில்தான் மோதும்.

பொதுக் கட்டடங்களுக்காக மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டு விதிகளிலும் இந்த 1-க்கு 12 என்ற அளவுதான் இருக்கிறது. சொந்த வீட்டுக்கு வந்து அதை யாரும் அளந்து பார்க்கப் போவதில்லை. அதனால்தான் நாமே டேப் பிடித்து அளக்க வேண்டியிருக்கிறது. ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் என்று மேஸ்திரியிடம் சொன்னால் போதும், உடனே புரிந்துகொள்வார்.

24 அடிக்கு எங்கே போவது? எங்கள் முன்வாசலின் ஆழம் 9 அடிதான். நேராக இறக்க வழியே இல்லை. ஆனால் மனையின் அகலம் 33 அடி. அதனால் வீட்டின் முன்சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் ஓடவிட்டோம். மேற்கு மூலையில், கேட்டுக்கு அருகே ஆரம்பித்து, 4 அடி அகலத்தில் 24 அடி ஏறி, கதவுக்கு முன்னால் 5-க்கு 5 அடி சமதளத்தில் முடிகிறது. நாற்காலி திரும்ப அந்த 5 அடி அவசியம். இதற்காக மல்லிகைப் பந்தலையும் இரண்டு செம்பருத்திச் செடிகளையும் எடுக்க வேண்டியதாயிற்று. மல்லிகைக்காக அம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

படிகளை இடிக்கவில்லை. சமதளத்திலிருந்து ஒரு பக்கம் படியும் இறங்குகிறது. வாக்கர் பிடித்து நடப்பவர்களில் சிலருக்குச் சரிவை விடப் படியே வசதி என்று அம்மாவுக்கு உடற்பயிற்சி சொல்லித்தர வந்தவர் சொன்னார். முட்டி வலியோடு வரும் எங்கள் பெரியம்மாவும் இன்றுவரை படியில்தான் ஏறுகிறார்.

கட்டும்போது மூன்று இடங்களில் கூடவே நின்றேன். முதலாவது, உள்ளே கொட்டும் கிராவல். ஒன்றரை யூனிட்டுக்குள்தான் (ஒரு யூனிட் நூறு கன அடி) பிடித்தது. அதை மொத்தமாகக் கொட்டாமல், அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு இடித்து இறுக்க வேண்டும். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் அப்படிச் செய்யாததால் முதல் மழைக்கே மண் அமுங்கி மேல்தளம் வெடித்துவிட்டது.

இரண்டாவது, மேல்பரப்பு. கிரானைட் விளையும் ஊர் இது. பர்கூர், ஜெகதேவி பக்கம் போனால் பட்டறைகள் நிறைய. இங்கே வாசலுக்குப் பளபளவென்று பாலிஷ் கல் போடாவிட்டால் வேலை முடிந்ததாகவே யாரும் நினைப்பதில்லை. சாய்தளத்தில் அதைப் போடவே போடாதீர்கள். ஈரம் பட்டால் வாக்கரின் ரப்பர் முனைகூட நிற்காது. கல்தான் வேண்டும் என்றால் நெருப்பு அடித்துச் சொரசொரப்பாக்கிய கல்லைக் கேளுங்கள். நாங்கள் சமதளத்துக்கு அதைப் போட்டோம். சரிவுக்கு வெறும் சிமெண்ட் பூச்சு, ஈரமாக இருக்கும்போதே குறுக்கே கோடு இழுத்தது. செப்டம்பர், அக்டோபர் மழையில் கோடுகளுக்குள் பாசி பிடிக்கும். அப்போது மாதம் இரண்டு முறை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிடுகிறேன். பராமரிப்பு என்றால் அவ்வளவுதான்.

மூன்றாவது, நிலைப்படி. வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசும் மரத்தை அறுக்க அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் வெளிச் சமதளத்தை நிலைப்படியின் மேல்மட்டத்துக்கே கொண்டுவந்து, தண்ணீர் உள்ளே வராதபடி வெளிப்பக்கம் லேசாகச் சரித்தோம். உள்ளே இருக்கும் ஒன்றரை அங்குல இறக்கத்துக்கு ஒன்றரை அடி நீளத்தில் மரத்தில் ஒரு ஆப்பு. சக்கரம் தடுக்காமல் போகிறது.

கைப்பிடி இரண்டு பக்கமும் வேண்டும். நடப்பவருக்கு 90 சென்டிமீட்டர் உயரத்தில் ஒன்று, நாற்காலியில் இருப்பவருக்கு 76 சென்டிமீட்டரில் இன்னொன்று. ஸ்டீல் பைப்புக்கு ஆன செலவு கான்கிரீட் செலவுக்குக் கிட்டத்தட்ட சமம். ஒரு பக்கம் மட்டும் போடலாமா என்று எனக்கும் தோன்றியது. ஆனால் அம்மாவுக்கு ஏறும்போது பலமான கை சுவர்ப்பக்கம் இருக்கும், இறங்கும்போது வெளிப்பக்கம் வந்துவிடும். அதனால் இரண்டு பக்கமும் போட்டோம்.

லிஃப்டைப் பற்றி என்னால் அதிகம் சொல்ல முடியாது. ஓசூரில் ஒரு உறவினர் வீட்டில் அரைநாள் பார்த்ததோடு சரி. நாலடி, ஐந்தடி உயரமும் குறுகிய வாசலும் இருக்கும் வீட்டுக்கு அதைவிட வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை. விலை லட்சங்களில். கரண்ட் போனால் இறங்க ஒரு ஏற்பாடு வேண்டும், சர்வீஸுக்கு ஆள் வர வேண்டும். ஆனால் அந்த வீட்டுப் பெரியவர் தானே பொத்தானை அழுத்திக்கொண்டு இறங்கினார். என் கணக்கில் அதுவும் தேறிய வழிதான்.

புதிதாக வீடு கட்டுபவர்களுக்கு இந்தப் பாடு எதுவும் தேவையில்லை. கேட்டிலிருந்து கதவு வரை முற்றத்தையே 1-க்கு 20 அளவில் மெதுவாக ஏற்றிவிடலாம். அது பாதை போலவே இருக்கும், கைப்பிடிகூட வேண்டியதில்லை. சுவரோரம் மண் ஏறி ஈரம் இழுக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது அம்மா காலை ஆறரைக்குத் தானே கதவைத் திறந்து இறங்கிப் போகிறார். கீரைக்காரம்மா வரும் நேரம் அது. நான் எழுந்து வரும்போது சில நாள் அரைக்கீரைக் கட்டு மடியில் இருக்கும், ஏறி வந்துகொண்டிருப்பார், பாதி வழியில் கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு. தள்ளட்டுமா என்று நான் கேட்பதில்லை.

கேட்டோடு அவர் எல்லை முடிந்துவிடுகிறது. வெளியே சாக்கடை மேல் போட்ட கற்பலகைகளுக்கு நடுவே நாலு விரல் இடைவெளி, முன்சக்கரம் அதில் இறங்கிவிடும். எதிர்வீட்டு அத்தையைப் பார்க்க இன்னும் என்னைத்தான் கூப்பிடுகிறார். பொங்கலுக்குள் அந்த இடத்துக்கு ஒரே பலகையாகப் போடச் சொல்லி ஜெகதேவியில் அளவு கொடுத்திருக்கிறேன்.