முந்துவது லேகோஸா, கிங்ஸ்டனா? ஆப்பிரிக்க இசையும் கரீபிய இசையும்: ஓர் ஒப்பீடு

2003-இல் ஜமைக்காவின் ஷான் பால் பாடிய 'கெட் பிஸி' அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதன் அடியில் ஓடிய தாளத்தைச் செய்தவர் ஸ்டீவன் 'லெங்கி' மார்ஸ்டன். அந்தத் தாளத்தின் பெயர் 'திவாலி ரிடிம்', நம் தீபாவளியேதான். அதே தாளத்தின் மேல் வெய்ன் வொண்டரும் நியூயார்க்கின் லூமிடியும் பாடிய பாட்டுகளும் அந்தக் காலத்திலேயே பட்டியலில் ஏறின. இருபது ஆண்டு கழித்து, 2023-இல், நைஜீரியாவின் ரெமா செலினா கோமஸுடன் பாடிய 'காம் டவுன்' அதே பட்டியலில் மூன்றாம் இடம்வரை போனது. அதே கோடையில் பர்னா பாய் லண்டன் ஸ்டேடியத்தை நிரப்பினார். பிரிட்டனில் ஒரு ஸ்டேடியத்தின் முதன்மைக் கலைஞராக மேடையேறிய முதல் ஆப்பிரிக்கர் அவர்.

இதை வைத்து 'ஆப்பிரிக்கா ஏறியது, கரீபியன் இறங்கியது' என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். பாதிதான் உண்மை. பாட்டுகளை எண்ணிப் பார்த்தால் ஆப்பிரிக்கா தெளிவாக முன்னால் நிற்கிறது. தாளங்களை எண்ணினால் கணக்கே மாறும். இன்றைய ஸ்ட்ரீமிங் எண்ணிக்கையும் தரவரிசையும் பாட்டை மட்டுமே எண்ணத் தெரிந்தவை. கரீபியனின் இழப்பில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது.

பெயர்களைப் பிரித்துக்கொள்வோம்

1970-களில் ஃபேலா குட்டியும் டிரம்மர் டோனி ஆலனும் நைஜீரியாவின் லேகோஸ் நகரில் உருவாக்கியது ஆஃப்ரோபீட். பெரிய குழு, ஊதுகருவிகள், பத்து இருபது நிமிடம் ஓடும் அரசியல் பாட்டுகள். இன்று உலகம் கேட்கும் ஆஃப்ரோபீட்ஸ் வேறு. கானாவின் ஹைலைஃப், நைஜீரியாவின் ஃபூஜி, ஹிப்ஹாப், ஆர் அண்ட் பி, கூடவே நிறைய டான்ஸ்ஹால் எல்லாம் சேர்ந்த மூன்று நிமிடப் பாட்டு அது. தென்னாப்பிரிக்காவின் அமாபியானோ இன்னொரு தனிக் கிளை. 2010-களின் நடுவில் காவ்டெங் மாகாணத்து டவுன்ஷிப்புகளில், அதாவது கறுப்பின மக்களின் புறநகர்க் குடியிருப்புகளில், டீப் ஹவுஸ், குவைட்டோ, ஜாஸ் கீபோர்டு மூன்றும் கலந்து பிறந்தது.

எதிர்ப்பக்கம் ஜமைக்காவின் ரெகேயும் டான்ஸ்ஹாலும், டிரினிடாடின் சோகாவும், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளின் ஸூக்கும். சோகாவில் இந்தியத் தொடர்பு உண்டு. 1970-களின் தொடக்கத்தில் பாடகர் லார்ட் ஷார்ட்டி, டிரினிடாடின் பழைய பாட்டு வகையான கலிப்சோவுக்குப் புத்துயிர் தேடியபோது, அங்கே குடியேறிய இந்தியர்களின் டோலக், தந்தால் போன்ற கருவிகளைச் சேர்த்தார். எதிர்ப்பு வந்ததும் கருவிகளை எடுத்துவிட்டு, அவற்றின் நடையை மட்டும் டிரம்முக்கும் கிட்டாருக்கும் மாற்றிவிட்டார்.

தாளத்தில் எங்கே ஒன்று, எங்கே வேறு

இதைக் கொன்னக்கோலில், அதாவது வாயால் சொல்லும் தாளச் சொற்களில், சொல்லிப் பார்த்தால் சட்டென்று பிடிபடும். டான்ஸ்ஹாலின் அடிப்படை எட்டு மாத்திரை: தகிட தகிட தக. முதல் இரண்டு 'த'விலும் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), கடைசித் 'தக'வின் தொடக்கத்தில் ஸ்நேர் (குச்சியால் அடிக்கும் சிறு டிரம்). எட்டோடு வட்டம் மூடிவிடும், உடனே திரும்பத் தொடங்கும். ஆஃப்ரோபீட்ஸில் பெரும்பாலும் கேட்கும் அமைப்பு பதினாறு மாத்திரை: தகிட தகிட தகதிமி தக தகதிமி. முதல் மூன்று அடிகள் விழும் இடங்கள் இரண்டிலும் ஒன்றே. பிறகு டான்ஸ்ஹால் திரும்பி வந்துவிடுகிறது, ஆஃப்ரோபீட்ஸ் இன்னும் எட்டு மாத்திரை மூச்சுவிட்டு நடக்கிறது. ஒன்று இறுக்கமாகவும் மற்றது தளர்வாகவும் ஒலிப்பதற்குக் காரணம் இதுதான். பழகாத காது இரண்டையும் குழப்பிக்கொள்வதற்கும் இதுவே காரணம்.

ரெகேயின் ஒன் டிராப் முற்றிலும் வேறு. நான்கு அடியில் முதலடி காலி, மூன்றாவதில் கிக்கும் குறுக்குக் குச்சியும் சேர்ந்து விழும், கிட்டார் அடிகளுக்கு நடுவே வெட்டும். புதிதாகச் செய்பவர்கள் அந்த முதலடி வெறுமையாக இருப்பதைப் பொறுக்காமல் அங்கே ஒரு கிக் போட்டுவிடுவார்கள். அதோடு ரெகே போய்விடும், சாதாரணப் பாப் பாட்டு மிஞ்சும்.

அமாபியானோவின் உயிர் லாக் டிரம். பெயர் டிரம் என்றாலும் வேலை பேஸினுடையது. எஃப்.எல். ஸ்டுடியோ என்ற இசை மென்பொருளில் உள்ள ஒரு தயார் ஒலியிலிருந்து கிளம்பியது. சுருதி உள்ள ஒலி என்பதால் பாட்டின் சுருதிக்கு அதை இசைத்தே ஆகவேண்டும். அதோடு இன்னொரு பேஸ் கிட்டாரையும் கனமான கிக்கையும் சேர்த்தால் கீழ்த்தளம் சேறாகிவிடும். கிக்கை மெல்லிதாக்கி, பல இடங்களில் எடுத்தேவிட்டு, ஷேக்கரை இடைவிடாமல் ஓடவிடுவதே தேர்ந்த தயாரிப்பாளர்களின் வழக்கம். வேகம் நிமிடத்துக்கு 110 முதல் 115 அடிகள்.

கேட்கும் கருவியும் இதில் ஒரு கட்சி. ஜமைக்கா இசை, தெரு நடனங்களில் நிறுத்தும் பெரிய ஒலிபெருக்கி அமைப்பான சவுண்ட் சிஸ்டத்துக்காகச் செதுக்கப்பட்டது. ஆளுயரப் பெட்டிகள், தெருவே அதிரும் பேஸ், குரலுக்கும் அடிக்கும் நடுவே வேண்டுமென்றே விட்ட வெளி. கைப்பேசியின் குட்டி ஸ்பீக்கரால் அந்தக் கீழ்ச்சுரங்களை எழுப்ப முடியாது, அப்போது பாதிப் பாட்டு காணாமல் போகிறது. லேகோஸ் பாட்டில் குரல், கிட்டார், ரிம், ஷேக்கர் எல்லாமே நடுச்சுரங்களில் வாழ்பவை. அதே மட்டமான ஸ்பீக்கரிலும் அவை முழுதாகக் கேட்கும். அமாபியானோவைக் கைப்பேசியில் கேட்டு 'ஒன்றுமே இல்லையே' என்று சொல்பவர்கள் ஒருமுறை நல்ல ஹெட்போனில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு தாளம், பல குரல்

இந்த ஒப்பீட்டின் நடுநாயகம் இதுதான். ஜமைக்காவில் முதலில் பிறப்பது ரிடிம், அதாவது குரல் இல்லாத இசைத்தடம். அதை ஒரு தயாரிப்பாளர் பத்துப் பதினைந்து பாடகர்களுக்குக் கொடுப்பார். அத்தனை பேரும் அதே தடத்தின் மேல் தனித்தனிப் பாட்டு பாடுவார்கள். டி.ஜே. ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும்போது அடி அறுபடாது, குரல் மட்டும் மாறும். நடனக் கூடத்தில் இதற்கு ஈடில்லை. 1985-இல் கிங் ஜாமி வெளியிட்ட ஸ்லெங் டெங் ரிடிம், காசியோ எம்.டி.-40 என்ற சிறு கீபோர்டில் இருந்த தயார் 'ராக்' தாளத்திலிருந்து எடுத்தது. ஒரே அடியில் ஜமைக்கா இசையைக் கணினி யுகத்துக்குத் தள்ளிவிட்டது அது. அதன்மேல் வந்த பாட்டுகள் நூற்றுக்கணக்கு.

ஸ்ட்ரீமிங்கில் இதே பலம் பலவீனமாகிறது. ஒரு கணக்குக்கு, ஒரு ரிடிமின் 15 பாட்டுகள் சேர்ந்து 1.5 கோடி முறை கேட்கப்பட்டன என்று வைத்துக்கொள்வோம். பாட்டுக்குச் சராசரி 10 லட்சம்தான், எந்தப் பட்டியலையும் எட்டாது. லேகோஸில் அதே 1.5 கோடி ஒரே பாட்டுக்கு, ஒரே பாடகரின் பெயரில் குவிகிறது. செயலியின் பரிந்துரை முறை அதைக் கவனித்து மேலும் பலரிடம் தள்ளுகிறது. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில், கடந்த பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவு உரிமத்தொகை கிடையாது. ரிடிம் தொகுப்பின் கடைசி வரிசைப் பாடகர்களை இது நேராகத் தாக்குகிறது.

உரிமைப் பத்திரங்களிலும் கரீபியன் பிந்திவிட்டது. ஜமைக்கா தனக்கென இயற்றிய பதிப்புரிமைச் சட்டம் 1993-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன், ஸ்டீலி அண்ட் கிளீவி என்ற தயாரிப்பாளர் இணை 1989-இல் செய்த 'ஃபிஷ் மார்க்கெட்' ரிடிமிலிருந்துதான், ஷப்பா ராங்க்ஸின் பாட்டு வழியாக, லத்தீன் நடன இசையான ரெகேடனின் 'டெம் பவ்' தாளம் கிளைத்தது. இன்று லத்தீன் உலகமே ஆடும் அடி அது. அந்தத் தாளத்தை அனுமதியின்றி எடுத்தார்கள் என்று 2021-இல் ஸ்டீலி அண்ட் கிளீவி தரப்பு கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டது. பிறகு விரிவான மனுவில் 1,600-க்கும் மேற்பட்ட பாட்டுகள் சேர்ந்தன. வெற்றிப் பட்டியலில் அந்தப் பாட்டுகளெல்லாம் லத்தீன் இசையின் கணக்கில் நிற்கின்றன, ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனுக்கு ஒரு புள்ளிகூடச் சேர்வதில்லை. இதைக் கணக்கில் கொள்ளாமல் கரீபியன் தேய்ந்துவிட்டது என்று தீர்ப்பெழுதுவது அநியாயம்.

ஆட்பலமும் ஊர்களும்

நைஜீரியாவில் இருபது கோடிக்கும் மேல் மக்கள், ஜமைக்காவில் முப்பது லட்சத்துக்கும் குறைவு. ஆனால் இந்த எண்ணைவிட லண்டனின் மாற்றம் அதிகம் பேசும். 2001 கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதியில் கரீபியக் கறுப்பினத்தவர் சுமார் 5.6 லட்சம், ஆப்பிரிக்கக் கறுப்பினத்தவர் 4.8 லட்சம். 2021-இல் முன்னவர்கள் சுமார் 6.2 லட்சம், பின்னவர்கள் கிட்டத்தட்ட 15 லட்சம். லண்டன் பள்ளிக்கூடத்திலும் கிளப்பிலும் எந்தப் பாட்டு பெருமைக்குரியது என்பதை இந்தத் தலைமுறை மாற்றம்தான் முடிவுசெய்தது. கரீபியர்களைப் பிரிட்டனுக்குக் கொண்டுவந்த விண்ட்ரஷ் கப்பலின் காலத்திலிருந்து (1948) ஜமைக்கா பிடித்திருந்த இடம் அது.

பெரிய நிறுவனங்களும் அந்தப் பக்கம் திரும்பின. யுனிவர்சல் இசை நிறுவனம் 2018-இல் நைஜீரியாவில் கிளை திறந்தது, 2024-இல் டான் ஜாஸியின் மாவின் இசை நிறுவனத்தில் பெரும்பங்கு வாங்குவதாக அறிவித்தது. 2022-இல் பில்போர்டு அமெரிக்காவில் ஆஃப்ரோபீட்ஸுக்கெனத் தனிப் பட்டியல் தொடங்கியது. 2024-இல் கிராமியில் ஆப்பிரிக்க இசைக்கெனப் புதுப் பிரிவு வந்து, முதல் விருதைத் தென்னாப்பிரிக்காவின் டைலா வாங்கினார். ரெகேக்குக் கிராமி 1985 முதலே உண்டு, ஆனால் இப்போது ஆல்பத்துக்கு மட்டும். சோகாவுக்கு இன்றுவரை தனிப் பிரிவே இல்லை.

பணம் யார் கையில்

இங்கே ஆப்பிரிக்க எழுச்சியின் மெலிந்த பக்கம் தெரிகிறது. 2024-இல் சஹாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவின் ஒலிப்பதிவு வருவாய் 22.6 விழுக்காடு வளர்ந்தது. உலகில் வேகமாக வளர்ந்த பகுதிகளில் ஒன்று. ஆனாலும் தொகை சுமார் 11 கோடி டாலர்தான், உலக மொத்தமோ 2,960 கோடி டாலரை ஒட்டியது. அந்த 11 கோடியிலும் முக்கால் பங்கு தென்னாப்பிரிக்காவுடையது. நைஜீரியாவில் சந்தா உள்நாட்டு நாணயமான நைராவில் வசூலாகிறது. 2023 ஜூனில் நைராவின் மதிப்பைச் சந்தையின் போக்கில் விட்டபோது டாலருக்கு 470-ஐ ஒட்டி இருந்தது, 2024 தொடக்கத்தில் 1,500-ஐத் தாண்டியது. சொந்த ஊரில் எத்தனை கோடிப் பேர் கேட்டாலும் பாடகருக்கு டாலரில் வருவது சில்லறை. எனவே லண்டனும் நியூயார்க்கும் இல்லாமல் லேகோஸ் நட்சத்திரத்துக்குப் பிழைப்பு ஓடாது. அமெரிக்கப் பாடகரைச் சேர்த்து ரீமிக்ஸ் போடும் வழக்கம் இந்தத் தேவையிலிருந்து வந்தது. சில பாட்டுகளை அது உயர்த்தியது, பலவற்றை ஒரே அச்சில் வார்த்துவிட்டது.

ஜமைக்காவின் தடைகள் வேறு வகை. 2010-இல் பீனி மேன், பவுன்டி கில்லர், மவாடோ உள்ளிட்டோரின் அமெரிக்க விசா ரத்தானது. பெரிய சந்தையின் கதவு பல ஆண்டுகள் சாத்தியிருந்தது. ஓரினச்சேர்க்கையாளருக்கு எதிரான வரிகளால் ஐரோப்பாவிலும் கச்சேரிகள் ரத்தாயின. அந்தக் கண்டனம் நியாயமானது. வைப்ஸ் கார்ட்டல் 2011 முதல் 2024 வரை சிறையில் இருந்தார். ஆஃப்ரோபீட்ஸ் கால் ஊன்றியது சரியாக இந்த ஆண்டுகளில்தான். ஆனால் பழைய சொத்து குன்றவில்லை. 1984-இல் வந்த பாப் மார்லியின் 'லெஜண்ட்' தொகுப்பு பில்போர்டு ஆல்பம் பட்டியலில் 800 வாரங்களுக்கு மேல் இருந்துவிட்டது.

சோகாவின் வாழ்வு நாட்காட்டியோடு கட்டப்பட்டது. சாம்பல் புதனுக்கு முந்தைய திங்களும் செவ்வாயும் டிரினிடாட் கார்னிவல். பாட்டுகள் அதற்குச் சில மாதம் முன்னால் வெளிவந்து, புதனன்று வயதாகிவிடும். பிறகு பார்படோஸின் குரோப் ஓவர் திருவிழா, டொரன்டோ, லண்டனின் நாட்டிங் ஹில், நியூயார்க்கின் புரூக்ளின் என்று மேடை மாறும். ஸ்ட்ரீமிங் எண் சிறிதாக இருந்தாலும் வாத்தியக்காரர், உடை தைப்பவர், லாரியில் ஒலிபெருக்கி கட்டுபவர் என்று நேரடியாகப் பணம் பலர் கைக்குப் போகும் ஏற்பாடு இது. ஆஃப்ரோபீட்ஸ், டான்ஸ்ஹால், சோகா மூன்றில் உள்ளூர் மக்களுக்கு நேர்மையாக உழைப்பது சோகாவே என்று தோன்றுகிறது.

இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிடுவோருக்கு

2025-இல் உலகைச் சுற்றிய 'ஷேக் இட் டு த மேக்ஸ்' பாடியவர் கானாவின் மோலி. ரீமிக்ஸில் ஜமைக்காவின் ஸ்கில்லிபெங்கும் ஷென்சீயாவும், அடியில் ஓடுவது டான்ஸ்ஹால். பட்டியலிலோ அது ஆஃப்ரோபீட்ஸ். எல்லைக்கோடு இப்படித்தான் நகர்கிறது, டி.ஜே.க்கு அது நல்லதுதான்.

ஒரே இரவில் இரண்டையும் கோக்க வேண்டுமானால் வேகத்தை ஏணியாகப் பாருங்கள். நிமிடத்துக்கு இத்தனை அடி என்ற கணக்கில், டான்ஸ்ஹால் 95–105-இல் தொடங்கி, ஆஃப்ரோபீட்ஸ் 100–110 வழியாக அமாபியானோவின் 112-க்குப் போகலாம். முதல் மூன்று அடிகள் ஒன்றே என்பதால் டான்ஸ்ஹாலிலிருந்து ஆஃப்ரோபீட்ஸுக்கு மாறும் இடம் யாருக்கும் தெரியாது. அமாபியானோவில் லாக் டிரம் நுழையவே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். முன்னுரையை வெட்டிவிட்டால் அது நுழையும்போது கூட்டம் கத்தாது. 112-லிருந்து 115–120-இல் ஓடும் குரூவி சோகா அடுத்த படி. அங்கிருந்து 160-இல் பறக்கும் பவர் சோகாவுக்கு வேகத்தை இழுத்து ஏற்றாதீர்கள். ஏழெட்டு விழுக்காட்டுக்கு மேல் இழுத்தால் குரல் உடையத் தொடங்கும். நிறுத்தி, கூட்டத்தைக் கைதட்டவிட்டு, புதிதாகத் தொடங்குங்கள். இறங்கும் வழி எளிது: 160-இன் பாதி 80, நேராக ஒன் டிராப் ரெகேயில் இறங்கிவிடலாம்.