ஸ்னோஃப்ளேக் எண்களோடு ஐந்து வருடம்

எங்கள் ஆர்டர் டேபிளில் ஒவ்வொரு ஆர்டருக்கும் அடையாள எண்ணாக முதலில் இருந்தது யுயுஐடி (UUID, ஒன்றைப் போல் இன்னொன்று வராதபடி உருவாக்கும் அடையாள எண்) நான்காம் பதிப்பு. நேரம், வரிசை எதுவும் இல்லாத ரேண்டம் எண். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி, பிரைமரி கீ (ஒவ்வொரு பதிவையும் அடையாளம் காட்டும் எண்) வரிசையிலேயே தரவை அடுக்குவதால், புது ஆர்டர் ஒவ்வொன்றும் எங்கோ நடுவில் போய் நுழையும். தரவு அடுக்கப்படும் 16 கேபி பக்கங்கள் நிரம்பி, இரண்டாக உடைந்துகொண்டே இருந்தன. டேபிள் பெருக்கப் பெருக்க இன்சர்ட், அதாவது புது ஆர்டரைச் சேர்ப்பது, திணறியது. சரி என்று, 2010-ல் ட்விட்டர் அறிமுகப்படுத்திய ஸ்னோஃப்ளேக் முறைக்கு மாறினோம்.

64 பிட்டில் 41 பிட் மில்லிசெகண்ட் நேரம், 10 பிட் மெஷின் எண், 12 பிட் வரிசை எண். நேரம் முன்னால் நிற்பதால் புது எண்கள் டேபிளின் கடைசியில்தான் சேரும். இன்சர்ட் திணறல் அன்றோடு போனது. அந்த விஷயத்தில் இன்றுவரை எனக்குக் குறையே இல்லை.

தொல்லை வேறு பக்கம் வந்தது. நேரத்தை ஸ்னோஃப்ளேக்குக்கு மாறிய நாளிலிருந்து எண்ணினோம். மூன்று வாரம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் எப்போதாவது ஒரு வாடிக்கையாளருக்கு, தன் சொந்த ஆர்டரைத் திறந்தால் 'இது உங்கள் ஆர்டர் இல்லை' என்று வந்தது. காரணம் பிடிபட இரண்டு நாள் ஆயிற்று. பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டின் வழக்கமான எண் வகை 9007199254740991 வரைதான் முழு எண்ணைப் பிசகாமல் வைத்திருக்கும். நேரம் முன்னால் நிற்கும் எங்கள் எண் 25-வது நாளில் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. அதன்பின் ஒரே மில்லிசெகண்டில் ஒரே மெஷினில் இரண்டு ஆர்டர் விழுந்தால், இரண்டாவதின் எண் பிரவுசரில் முதலாவதின் எண்ணாகிவிடும். கூட்டமில்லாத டெஸ்டிங்கில் இது சிக்கவே சிக்காது. ஏபிஐ (சர்வரும் பிரவுசரும் தரவு பரிமாறும் வழி) முழுக்க எண்ணை ஸ்டிரிங்காக, அதாவது எழுத்துத் தொடராக, அனுப்பத் தொடங்கினோம். நீங்கள் முதல் நாளே அப்படிச் செய்துவிடுங்கள்.

மெஷின் எண் இன்னொரு தலைவலி. கன்டெய்னர்கள் (எங்கள் நிரல் ஓடும் தனித்தனிச் சூழல்கள்) தோன்றி மறையும்போது யாருக்கு எந்த எண் என்று கணக்கு வைக்க வேண்டும். ஒருமுறை இரண்டு கன்டெய்னர்கள் ஒரே எண்ணோடு எழுந்து, டூப்ளிகேட் கீ பிழை வரிசைகட்டி வந்தது. கடிகாரம் சில மில்லிசெகண்ட் பின்னால் போனாலும், அது பழைய நேரத்தை எட்டும்வரை புது எண் தராமல் நிறுத்தி வைக்க வேண்டும்.

அதனால் புது டேபிள்களுக்கு யுயுஐடி ஏழாம் பதிப்பு வைக்கிறேன். 2024 மே மாதம் ஆர்எஃப்சி 9562 என்ற இணையத் தர ஆவணத்தில் வந்தது: 48 பிட் நேரம், 74 பிட் ரேண்டம், மெஷின் எண் கிடையாது. 8 பைட்டுக்குப் பதில் 16 பைட் ஆகிறது. இன்டெக்ஸ்களும் (தேடலுக்கான பட்டியல்கள்) அதற்கேற்பப் பெரிதாகும். நிம்மதிக்கு அந்த விலை தாராளமாகக் கொடுக்கலாம். ஆர்டர் டேபிளை மட்டும் மாற்றவில்லை. வெளியாட்கள் கையில் போகும் லிங்குகளுக்கு இன்னும் நான்காம் பதிப்புதான். ஏனென்றால் ஏழாம் பதிப்பைப் பார்த்தாலே அது உருவான நேரம் தெரிந்துவிடும்.